கேட்டவர்கள்: சேத்துப்பட்டும் விசுவாசத்தின் தமிழும்

1

'சோற்றுக்குச் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சு நம்மிடையே வெகுகாலமாகப் புழங்கி வருவது. கிறிஸ்தவரான சேரி மக்களைப் பார்த்து ஊர்த்தெருக்காரர் சொன்னது அது. ஆனால் ஊர்த்தெருக்காரர் மட்டும் சொன்னதல்ல. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமிமார்களையும் போதகர்களையும்கூட இதே சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. எதிரெதிரான இரண்டு தரப்பும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கிறதென்றால், அந்த வாக்கியத்துக்குள் இரண்டு தரப்பும் பரிசோதிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு கோட்பாடு இருக்க வேண்டும். கோட்பாடு இதுதான்: சுவிசேஷத்தை உண்மையாகக் கேட்கிறவன் வேறெதையும் கேட்காதவன். செவி திறந்திருக்க வேண்டும், கை மூடியிருக்க வேண்டும். கை நீண்டுவிட்டால் செவி பொய்.

இந்தக் கோட்பாட்டை இறையியலாகப் பரிசோதிக்க எனக்குத் தகுதியில்லை. ஒரு மொழிக்குள் நடந்த சம்பவமாக அதைப் பரிசோதிக்கலாம். அதற்கு ஏற்ற இடம் சேத்துப்பட்டு.

போளூருக்கும் வந்தவாசிக்கும் இடையில், ஆரணிப் பட்டுத்தறிகளின் ஓசை எட்டுகிற வட்டாரத்தில் இருக்கிற ஊர். வயல்வெளிக்கு மேலே சம்பந்தமில்லாத ஒரு வாக்கியம்போல் எழுந்து நிற்கிறது லூர்து மாதா கோவிலின் ஐரோப்பிய பாணிக் கோபுரம். பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த தாரஸ் சுவாமியின் காரியம் அது. 1858-இல் பிரான்சு தேசத்து மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஓர் ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்ட செய்தி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வட ஆற்காட்டுச் சேரிகளில் கேட்கப்பட்டுவிட்டது. இடையில் நடந்தது தாது வருஷப் பஞ்சம்: 1876 முதல் 1878 வரை. தென்னிந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் செத்தார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அந்தப் பஞ்சத்தின்போதும் அதையொட்டிய வருஷங்களிலும் சேத்துப்பட்டைச் சுற்றியிருந்த சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தாரஸ் சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். கோவிலும் கஞ்சியும் ஒரே இடத்தில் இருந்தன. ஏச்சுக்கு வேண்டிய சாட்சியம் முழுவதும் கைவசம் இருக்கிறது என்று தோன்றும்.

2

விசுவாசத்துக்கும் கேட்டலுக்கும் உள்ள உறவைச் சொன்னவர் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு படிக்கட்டு கட்டுகிறார். அனுப்பப்பட்டவன் பிரசங்கிக்கிறான். பிரசங்கத்தால் கேட்டல் உண்டாகிறது. கேட்டலால் விசுவாசம். விசுவாசித்தவன் கடைசியில் ஆண்டவரின் பெயரைக் கூப்பிடுகிறான். லுத்தர் இந்தப் படிக்கட்டில் கேட்டல் என்கிற ஒரு படியின்மேல் தன் முழு பாரத்தையும் வைத்தார். கிறிஸ்தவனுக்குரிய ஒரே உறுப்பு காதுதான் என்று சொல்லும் அளவுக்குப் போனார். 1706-இல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கிய சீகன்பால்கு கொண்டுவந்தது இந்தக் காதைத்தான்.

பவுலின் கிரேக்கத்தில் கேட்டலுக்கு 'அகோயே' என்று பெயர். அதிலிருந்தே கீழ்ப்படிதலுக்கும் ஒரு சொல், 'ஹூபகோயே': கீழிருந்து கேட்பது. ஆங்கிலத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லின் வேரிலும் கேட்டல் என்று பொருள்படும் லத்தீன் சொல் கிடக்கிறது. ஆனால் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால்தான் தெரியும். தமிழில் அகராதி வேண்டாம். அம்மா பிள்ளையிடம் 'சொன்னதைக் கேள்' என்றால் போதும். காதில் விழுவதும் கீழ்ப்படிவதும் அங்கே ஒரே காரியம்.

ஆனால் தமிழ் அதோடு நிற்கவில்லை. கடன் கேட்கிறோம், விலை கேட்கிறோம், பெண் கேட்கிறோம், நியாயம் கேட்கிறோம். வங்கியில் வேலை பார்க்கிறவன் நான். நாங்கள் தினமும் எழுதித் தருகிற காகிதம் ஒன்றுக்குத் தமிழில் கேட்பு வரைவோலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உரிமையோடு நீட்டினால் கொடுத்தே தீரவேண்டிய பணம் என்று அர்த்தம். நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்கிறோம். அங்கே கேட்பதென்றால் மசிந்து கொடுப்பது, மறுமொழி தருவது. குறி கேட்கப் போகிறவன் காதையும் கொண்டுபோகிறான், குறையையும் கொண்டுபோகிறான். இறங்கிய சாமியிடம் 'என்ன கேட்கிறாய்?' என்று பூசாரி கேட்கிறான். சாமியும் சும்மா இருப்பதில்லை, அதுவும் கேட்கிறது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்தபோது அது செவியால் பெறும் கல்வி. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கேள்வி என்றால் பரீட்சைத் தாளில் இருப்பது. ஒரே சொல் இரண்டு திசையிலும் திறக்கிறது.

இதை வெறும் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மொழி எதைச் சேர்த்து வைத்திருக்கிறதோ அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு அந்த மொழிக்காரன் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. செவி திறந்து கை மூடிய மனிதன் என்ற லட்சியம், கேட்பதும் யாசிப்பதும் தனித்தனி வினைச்சொற்களாக இருக்கிற மொழிகளில் எளிதாக உருவாகிறது. தமிழில் கேட்டவன் கேட்டவன்தான். சேத்துப்பட்டுச் சேரிக்காரன் பவுலின் படிக்கட்டைக் கீழிருந்து ஏறவில்லை. கடைசிப் படியான கூப்பிடுதலில் கால் வைத்துத்தான் உள்ளே வந்தான். அதனால் அவன் ஏறவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

விசுவாசம் என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். வடமொழியிலிருந்து எடுத்து வேதத்தில் வைத்தவர்கள் அதை உள்ளத்தின் ஒரு செயலாகக் கொண்டார்கள். ஊருக்குள் அந்தச் சொல் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. நாய் விசுவாசம், எஜமான விசுவாசம், உப்பிட்டவனிடம் காட்டுகிற விசுவாசம். சோறு இல்லாத விசுவாசம் கிராமத் தமிழில் கிடையாது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'நம்பிக்கை' என்று மாற்றியது. தூய தமிழாயிற்று, கூடவே சொல்லிலிருந்து சோறும் கழுவப்பட்டது. மாற்றியவர்கள் அந்த உத்தேசத்தோடு மாற்றியதாக நான் சொல்லவில்லை. ஆனால் விசுவாசம் என்ற சொல்லில் ஒரு பழைய பந்தத்தின் வாடை இருந்தது. அது போய்விட்டது.

அந்தப் பழைய பந்தம் எது? படியாள் முறை. களத்துமேட்டில் படியால் அளந்த தானியத்துக்காக மிராசுதாரனிடம் பரம்பரையாகக் கட்டுப்பட்டிருந்த வாழ்க்கை. அங்கே கேட்டல் கீழ்ப்படிதல் மட்டுமே, கேள்வி கிடையாது. தாது வருஷத்தில் களம் காய்ந்தபோது படி நின்றது. கட்டளை மட்டும் மிச்சம். ஒரு பக்கம் அறுந்துபோன ஒப்பந்தம் அது. சேரியிலிருந்து புறப்பட்டு சுவாமியின் வாசலுக்கு வந்த நடையை வயிற்றின் நடையாக மட்டும் பார்க்கிறவர்கள், அது ஒரு எஜமானனைக் கைவிட்ட நடையும்கூட என்பதைக் காணத் தவறுகிறார்கள். படியாட்கள் கிறிஸ்தவராவதை மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். வெறும் கஞ்சி விஷயமானால் அவர்களுக்கு என்ன கவலை?

3

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். தமிழில் கிறிஸ்தவ இலக்கியம் என்றால் நம் விமர்சகர்களுக்கு இரண்டு காவியங்கள் ஞாபகம் வரும்: வீரமாமுனிவரின் தேம்பாவணி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். கிருஷ்ணபிள்ளை நெல்லைச் சீமையின் வைணவ வேளாளர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய அவருடைய காவியம் 1894-இல் வெளிவந்தது. தனியாக வாசித்து, தனியாகக் கலங்கி, தனியாக முடிவெடுத்த மனிதர். நவீனப் பிரக்ஞைக்கு மிகவும் உவப்பான கேட்பாளர் இவர்தான். கீர்க்ககார்டைப் படித்துவிட்டு வருகிற நம் சிற்றிதழ் வாசகனுக்கு விசுவாசம் என்றால் இருட்டில் ஒருவன் ஒற்றையாகத் தாண்டுகிற தாண்டல். கும்பலாக யாரும் தாண்டுவதில்லை. தாண்டுகிறவன் வயிறு நிறைந்தவனா காய்ந்தவனா என்று கீர்க்ககார்டு சொல்லவில்லை. நிறைந்தவன் என்று நாமாகவே வைத்துக்கொண்டோம்.

கிருஷ்ணபிள்ளை மதம் மாறுவதற்கு முன்பே சாயர்புரத்தில் மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியராக இருந்தவர். மிஷன் சம்பளம் வாங்கியவர். அவரைச் 'சம்பளத்துக்குச் சேர்ந்தவர்' என்று எந்த இலக்கிய வரலாறும் எழுதியதில்லை. எழுதவும் கூடாது, அது அபத்தம். அவருடைய கண்ணீர் உண்மை என்பதற்கு அவர் கவிதையே சாட்சி. ஆனால் சம்பளமும் கண்ணீரும் ஒரு வேளாளப் புலவரிடம் சேர்ந்திருக்க முடியுமானால், கஞ்சியும் கண்ணீரும் ஒரு பறையரிடம் ஏன் சேர்ந்திருக்க முடியாது? ஒருவருக்கு வாழ்க்கைச் சூழ்நிலை என்று பெயர் பெறுவது இன்னொருவருக்கு உள்நோக்கம் ஆகிவிடுகிறது. இது இறையியல் அளவுகோல் அல்ல, தெரு அளவுகோல்.

கிருஷ்ணபிள்ளை எழுதினார், சேத்துப்பட்டுக்காரர்கள் எழுதவில்லை என்பது வித்தியாசம்தான். அவர்களுக்குக் கிடைத்த நூல் வேறு. கத்தோலிக்கர் 'குறிப்பிடம்' என்று அழைக்கும் ஞானோபதேச வினாவிடை. என்ரிக்கே என்ரீக்கஸ் 1579-இல் அச்சிட்ட கிரீசித்தியானி வணக்கம் தொட்டு இந்த வடிவம் தமிழில் இருக்கிறது. உபதேசியார் கேள்வியைச் சொல்வார். எழுத்தறியாத ஜனங்கள் பதிலை மனப்பாடமாகச் சொல்வார்கள். இலக்கிய வடிவம் என்ற முறையில் இதை யாரும் ஆராயவில்லை. ஆராய்ந்தால் ஒன்று புலப்படும்: கேள்வி முழுவதும் குருவினுடையது. பதிலும் அவருடையதுதான். கேட்க வந்தவன் கேட்க நினைத்தது எதுவும் அதில் அச்சாகவில்லை. கடவுள் யார் என்று அவனிடம் கேட்கப்பட்டது. மழை ஏன் பெய்யவில்லை, பிள்ளை ஏன் செத்தது, ஊர்க்கிணற்றில் ஏன் நீர் மொள்ளக் கூடாது என்று அவன் கேட்டிருந்தால் அதற்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை. தமிழில் சுவிசேஷம் கேட்கப்பட்டதன் வரலாறு இப்படிப் பாதிச் சொல்லோடுதான் அச்சேறியிருக்கிறது. செவியின் கேட்டல் உண்டு. வாயின் கேட்டல் இல்லை.

4

இதற்கு ஒரு பலமான மறுப்பு சுவிசேஷத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மையாகாது. யோவான் ஆறாம் அதிகாரத்தில், அப்பம் தின்ற கூட்டம் மறுநாளும் ஏசுவைத் தேடி வருகிறது. வயிறு நிறைந்ததால்தான் வந்தீர்கள் என்று அவரே கடிந்துகொள்கிறார். ஏச்சின் மூல வடிவம் இது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் நாள் கேட்காமலே அப்பம் கொடுத்தவர் அவர்தான். கொடுத்த பிறகே கடிந்துகொள்கிறார். பசித்தவனை நிறுத்தி வைத்து முதலில் நோக்கத்தைச் சோதிக்கவில்லை. மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பிள்ளைகளின் அப்பம் நாய்களுக்கில்லை என்று சொல்லப்பட்ட அந்நிய ஸ்திரீ அந்த உவமையைத் திருப்பிப் போட்டு, மேசைக்குக் கீழே விழும் துணுக்கைக் கேட்டு வாங்குகிறாள். மகள் பிழைக்கிறாள். கை நீட்டியபடியே காது கொடுத்தவள் அவள்; எதிர்க்கேள்வியும் கேட்டவள். மத்தேயு இதே கதையைச் சொல்லும்போது ஏசு அவளுடைய விசுவாசத்தைப் பெரிதென்று மெச்சுகிறார்.

நோக்கத்தைச் சோதித்தவர்கள் வேறு. 1877-இல் சென்னை ராஜதானிக்குப் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று நிர்ணயித்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று சுகாதார கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். டெம்பிளின் கூலிக்குப் பின்னால் இருந்த தத்துவம் எளிமையானது: கேட்கிறவன் மெய்யாகவே பசித்தவனா என்று தெரியவேண்டுமானால், கொடுப்பதைக் குறை, வேலையைக் கூட்டு, பொய்யன் தானாகப் போய்விடுவான். பொய்யன் போவதற்குள் மெய்யன் செத்துப்போவான் என்பது கணக்கில் வரவில்லை. விசுவாசத்தைச் சந்தேகித்த கண்ணும் பசியைச் சந்தேகித்த கண்ணும் ஒரே கண் என்பது என் எண்ணம். லௌகீகம் வேறு, ஆத்மீகம் வேறு என்ற பிரிவினையே பறையர் விஷயத்தில் எப்படி ஓர் ஆட்சிக் கருவியாயிற்று என்பதை ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இந்தக் கட்டுரை அதற்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைக்க முயல்வது.

சோதனை என்றால் மெய்யான சோதனை ஒன்றும் நடந்தது. அதே ராஜதானியின் தெலுங்குப் பகுதியில், ஓங்கோலில், கிளௌ என்கிற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் பக்கிங்ஹாம் கால்வாய் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகை எடுத்துப் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தார். நிவாரணம் நடக்கும்வரை யாரையும் சேர்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். உதவி நின்ற பிறகும் ஜனங்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலும் மாதிகர். கஞ்சித் தொட்டியை எடுத்த பிறகும் கூட்டம் கலையவில்லை என்றால், அவர்கள் கேட்டது கஞ்சி மட்டும் அல்ல. கஞ்சி கொடுத்த கையில் அவர்கள் வேறொன்றையும் கேட்டிருந்தார்கள்: தங்களையும் ஒருவன் மனிதராக எண்ணிக் கேட்கிறான் என்பதை. சுவிசேஷம் என்பதற்கு அவர்கள் அளவில் இதைவிட நெருக்கமான உரை என்ன இருக்க முடியும்?

5

கேள் என்பதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. பழந்தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கேள் என்றால் உறவு. கேளிர் என்றால் சுற்றத்தார். சொற்பிறப்பில் இவை ஒன்றா வேறா என்பது மொழியியலாரின் பாடு. வாழ்க்கையில் தொடர்பு வெளிப்படை. யாரிடம் உரிமையோடு கேட்கலாமோ, யார் சொன்னால் கேட்போமோ, அவர்தான் உறவு. அப்படியானால் சேத்துப்பட்டில் நடந்ததற்குக் கடைசி உரைகல் சேரிக்காரரின் நெஞ்சில் இல்லை. கேட்டவர்கள் கேளிர் ஆனார்களா என்பதில் இருக்கிறது. விசுவாசத்தோடு மறுமொழி சொல்லும் கடமை ஒரு தரப்புக்கு மட்டும் உரியதா?

இந்த இடத்தில் சபையின் பதில் தடுமாறுகிறது. சேத்துப்பட்டு அன்று புதுச்சேரி மிஷனைச் சேர்ந்தது. அந்தப் புதுச்சேரியின் கோவிலுக்குள்ளேயே பறையரை மற்றவரிடமிருந்து பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-இல் பதிவு செய்கிறது. ஒரே பூசை, நடுவில் சுவர். சுவரின் இருபுறமும் சுவிசேஷம் காதில் விழுந்தது. ஒலிக்குச் சுவர் தடையில்லை. உறவுக்குத் தடை. ஒரு சுவர் இடிந்தாலும் கல்லறையிலும் தேர்வீதியிலும் வேறு சுவர்கள் எழுந்த கதையைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அரசின் பதில் இன்னும் விசித்திரமானது. 1950-இன் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சோற்றுக்குச் சேர்ந்தவர்கள் என்றால், படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வழிவிடுகிற சான்றிதழ் மறுபக்கம் இருக்கும்போது, இத்தனை வருஷமாக எந்தச் சோற்றுக்காக இங்கே இருக்கிறார்கள்? காகிதத்தில் திரும்பிப்போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பாதவர்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். கஞ்சி வாங்கிய பாட்டனின் விசுவாசத்துக்கு ரசீது கேட்கிறவர்கள் பேரன் செலுத்திய தொகையையும் கணக்கில் எழுத வேண்டும்.

குறிப்பிடத்தில் அச்சாகாமல் போன வாய் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் நம் இலக்கியத்தில் திறந்தது. பாமாவின் கருக்கு 1992-இல் வந்தது. கன்னியர் மடத்துக்குள் போய், அங்கே ஏழைகளின் ஏசுவைக் காணாமல் வெளியே வந்த ஒரு பெண்ணின் சுயசரிதம். ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சரித்திரம் 2002-இல். இரண்டும் சேத்துப்பட்டு வட்டாரத்தவை அல்ல, தெற்கத்திச் சேரிகளுடையவை. ஆனால் இவற்றின் குரலுக்குப் பின்னாலிருக்கும் கேள்வி ஒன்றுதான். இவற்றைத் தலித் இலக்கியம் என்று ஒரு தட்டிலும் இரட்சணிய யாத்திரிகத்தைக் கிறிஸ்தவ இலக்கியம் என்று இன்னொரு தட்டிலும் வைத்துவிட்டோம். என் அபிப்பிராயத்தில் கருக்கு முழுக்க முழுக்க ஒரு கிறிஸ்தவ நூல், சபையை அது விளாசுகிற இடங்களில் இன்னும் அதிகமாகவே. காதில் விழுந்ததை ஒருத்தி மெய்யாகவே எடுத்துக்கொண்டால்தான் சொன்னவர்களைப் பார்த்து அப்படிக் கேட்க முடியும். கேளாதவளுக்குக் கோபம் வராது. நம் பண்டிதர்கள் விசுவாசத்தைப் பணிவிலும் நவீனர்கள் அதைத் தனிமையிலும் தேடிக்கொண்டிருந்தபோது, அது கச்சாப் பேச்சுத்தமிழில், ஏசுகிற குரலில், கும்பலின் ஞாபகத்தோடு வந்து நின்றது. இரு சாராரும் அதை விசுவாசமாக அடையாளம் காணவில்லை.

சேத்துப்பட்டின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் உள்ளவை பெயர்களும் தேதிகளும்தான். விமர்சனத்துக்கு அவை உரிய பிரதி இல்லை என்று சொல்லப்படலாம். ஒரு பறையருக்கு ஊர் வைத்த பெயருக்குப் பக்கத்தில் அந்தோணி என்றோ லூர்துமேரி என்றோ ஒரு பெயர் எழுதப்படும்போது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதென்று ஒருவர் சம்மதிக்கிறார். அந்தத் திரும்பிப்பார்த்தலை வயிறு தனியாகச் செய்யாது, காதும் தனியாகச் செய்யாது. 'கேட்டல்' என்று தமிழ் அதற்கு முன்பே பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் பந்தியிலும் பக்கத்தில் உட்கார வைத்தார்களா என்பதே மிச்சமிருக்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் கஞ்சி வாங்கியவர்கள் அல்ல.